இடது காதுக்குள் ஓர் ஆசிரியர்: பேஸ் பழகுகிறவர்களுக்கு ராமோன்ஸின் முதல் ஆல்பம்

தாழ்ந்த ஒலி தரும் நான்கு தந்திப் பேஸ் கிட்டார் வாங்கி ஒன்றரை வருடம் ஆகியும் ஒரு முழுப் பாட்டைக் கை கடுக்காமல் என்னால் வாசிக்க முடிந்ததில்லை. இந்த ஆடி மாதம் காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழாவில் மெல்லிசைக் குழுவோடு இரண்டு மணி நேரம் நின்று வாசித்தேன். மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கு வழக்கம்போல் போனேன். கை கனக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நான் செய்தது ஒன்றுதான்: 1976-இல் வந்த, நியூயார்க்கின் ராமோன்ஸ் என்ற பங்க் ராக் (வேகமும் இரைச்சலுமான எளிய ராக் இசை) குழுவின் முதல் ஆல்பத்தை நான்கு மாதம் விடாமல் வாசித்தேன். அந்த ஆல்பத்துக்கான மதிப்புரை இது. நான்கு தந்தியை மடியில் வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று திகைத்து உட்கார்ந்திருக்கிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கத் தொடங்கிவிட்டால் கூழின் இனிப்பையும் புளிப்பையும் அளப்பதிலேயே பொழுது போய்விடும். சீசன் இல்லாத மாதங்களில் மாலை ஆறு மணிக்குமேல் நேரம் என்னுடையது. பெங்களூருவில் கைமாறிய ஒரு பேஸை ஒன்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். நான்கு கிலோ கனம், 34 அங்குல நீளத் தந்தி. என் கை சிறியது. கழுத்தில் குறுக்கே கம்பி பதித்துப் பிரித்த கட்டங்களுக்கு ஃபிரெட் என்று பெயர். முதல் ஃபிரெட்டில் சுட்டுவிரலை வைத்துவிட்டு நான்காவது ஃபிரெட்டுக்குச் சுண்டுவிரலை நீட்டினால் மணிக்கட்டு வரை இழுக்கும்.

தொடக்கத்தில் இணையவழிப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். மூன்று மாதத்துக்கு 4,500 ரூபாய். வாராவாரம் ஸ்கேல், அதாவது சுரவரிசைத் தாள் வரும். அதை வாசித்துப் பதிவு செய்து அனுப்பினால் 'நன்று' என்று ஒரு சொல் திரும்பி வரும். என் வலது கையை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. தோளிலிருந்து அடிக்கிறேன், முழங்கை விறைத்துப்போகிறது, இரண்டு நிமிடத்தில் முன்கை கல்லாகிறது என்பதெல்லாம் பதிவில் கண்ணுக்கு நேராகத் தெரிந்த விஷயங்கள். ஸ்கேல் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓட முடியாதவளுக்குத் தெருவின் வரைபடத்தைக் கொடுத்து என்ன பயன்? பேஸில் முதலில் வேண்டியது வலது கையின் தெம்பு. அதைச் சொல்லிக்கொடுத்தது அந்த வகுப்பு அல்ல, இந்த ஆல்பம்.

அதுவும் ஓர் இயர்போன் கெட்டுப்போனதால் தெரியவந்தது. மாசி மாதம் ஒருநாள் கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். வலது காதுக்கான கம்பி எங்கேயோ அறுந்துவிட்டது. இடது பக்கம் மட்டும் கேட்கிறது. ஓடிக்கொண்டிருந்தது ராமோன்ஸ். அதுவரை இரைச்சலாக, ஒரே சுவராகக் கேட்ட பாட்டிலிருந்து கிட்டார் காணாமல் போய்விட்டது. டிரம்ஸ் இருக்கிறது, பாடுகிறவரின் குரல் இருக்கிறது. இரண்டுக்கும் முன்னால், முகத்துக்கு நேராக, பேஸ் ஒன்று மட்டும் தடதடவென்று ஓடுகிறது. ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கிறது. இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இறங்கி, தென்பெண்ணைப் பாலத்தின் மேல் நடந்துகொண்டே அந்த ஆல்பத்தை மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.

காரணம் பிறகு தெரிந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் பீட்டில்ஸ் பாடல்களைப் பதிவுசெய்த முறையை வேண்டுமென்றே மிகைப்படுத்தி இந்த ஆல்பத்தை அமைத்திருக்கிறார்கள். பேஸ் முழுவதும் இடது பக்கம், கிட்டார் முழுவதும் வலது பக்கம், டிரம்ஸும் குரலும் நடுவில். தயாரிப்பாளர் கிரெய்க் லியோன். நியூயார்க்கில் ஒரு வாரத்துக்குள், சுமார் 6,400 டாலர் செலவில் பதிவை முடித்துவிட்டார்கள். பதினான்கு பாட்டும் சேர்ந்தே அரை மணி நேரத்தைத் தொடுவதில்லை. இதைவிடப் பொருத்தமான பேஸ் பாடநூலை யாராவது திட்டமிட்டுச் செய்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை முயன்றுபார்க்க இயர்போனை அறுக்க வேண்டியதில்லை. செல்பேசியின் அமைப்புகளில் அணுகல்தன்மை (Accessibility) என்ற பகுதிக்குள் போனால் ஒலியை இடதுக்கும் வலதுக்கும் நகர்த்தும் கோடு ஒன்று இருக்கும். அதை முழுக்க இடது பக்கம் தள்ளுங்கள். அங்கேயே 'மோனோ' என்ற தேர்வு இருக்கும். அது அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது போட்டிருந்தால் இரண்டு பக்கமும் கலந்து எல்லாம் வீணாகிவிடும். ஆல்பத்தைத் தேடும்போதும் கவனம் தேவை. 2016-இல் நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு வந்தபோது மோனோ வடிவம் ஒன்றையும் சேர்த்து வெளியிட்டார்கள். கேட்பதற்கு அதுவும் நன்றாகவே இருக்கிறது. பழகுவதற்கு ஸ்டீரியோ வடிவம்தான் வேண்டும். இன்னொன்று: கம்பியில்லாத இயர்போனில் பேஸையும் இணைத்து வாசித்தால் உங்கள் அடி காதுக்குத் தாமதமாக வந்து சேரும். என் இயர்போனில் அப்படித்தான் இருந்தது. நூற்றைம்பது ரூபாய்க் கம்பி இயர்போன் போதும். செல்பேசியின் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்டுப் பழகாதீர்கள். பேஸின் அடித்தந்தியைச் சும்மா மீட்டினாலே நொடிக்கு 41 அதிர்வுதான். அவ்வளவு தாழ்ந்த ஒலி அந்தச் சின்ன ஒலிபெருக்கியிலிருந்து வரவே வராது.

பேஸ் வாசித்தவர் டீ டீ ராமோன். மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கத்திக்கொண்டு தொடங்கி வைப்பவரும் அவர்தான். குழுவின் பல பாடல்களை எழுதியவர். 2002-இல் காலமானார். அவருடைய வாசிப்பில் வித்தை எதுவும் இல்லை என்று பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஒருமுறை இடது காதில் மட்டும் கேட்டுவிட்டு, கூடவே வாசித்துப் பார்க்கட்டும்.

ஆல்பத்தின் முதல் பாட்டு 'பிளிட்ஸ்க்ரீக் பாப்'. பெரும்பகுதிக்கு மூன்றே சுரங்கள். தடிமனான ஈ தந்தியில் ஐந்தாவது ஃபிரெட்டில் ஏ, அதற்கு அடுத்த தந்தியில் அதே ஐந்தாவது ஃபிரெட்டில் டி, அங்கிருந்து இரண்டு ஃபிரெட் தள்ளி ஏழாவதில் ஈ. இடது கை மூன்று ஃபிரெட்டுக்குள் அடங்கிவிடுகிறது. என்னைப்போலச் சிறிய கைக்கு இது பெரிய ஆறுதல். ஐந்தாவது ஃபிரெட்டுக்கு வந்துவிட்டால் ஃபிரெட்டுகளின் இடைவெளியும் குறைந்துவிடுகிறது. ஆகவே முதல் நாளே இடது கை பிடித்துக்கொண்டது. மாட்டிக்கொண்டது வலது கை.

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 175 தாளம். ஒவ்வொரு தாளத்துக்கும் இரண்டு அடி, எல்லாம் மேலிருந்து கீழாக. பிக்கை (தந்தியை மீட்டும் சிறு பிளாஸ்டிக் துண்டு) மேல்நோக்கி இழுக்கும்போது தந்தியைத் தொடக் கூடாது. அப்படியானால் நிமிடத்துக்கு 350 அடி. இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடும் பாட்டுக்கு எழுநூறுக்கும் அதிகமான அடி, நடுவில் மூச்சுவிட இடமில்லாமல். மேலும் கீழுமாக மாற்றி மாற்றி அடித்தால் பாதி உழைப்புதான். ஆனால் மேல்நோக்கிய அடி எப்போதும் கொஞ்சம் மெலிந்து ஒலிக்கும். டீ டீயின் அடிகளில் அந்த ஏற்றத்தாழ்வே இல்லை. எழுநூறு அடியும் ஒரே கனம். கருங்கல் பலகை அறுக்கும் வாள் போல ஒரே சீராகப் போகிறது. நமக்குக் கைவரவேண்டியது அந்தச் சீர்தான்.

முதல் வாரம் நாற்பது நொடியில் நின்றுபோனேன். முன்கையின் வெளிப்பக்கத்தில் முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே கடுக்கும். பிக்கை இறுக்கிப் பிடித்ததில் பெருவிரல் நுனி வெளுத்துப்போயிருக்கும். பொறுத்துக்கொண்டு அடித்தால் பழகிவிடும் என்று நினைத்தேன். அது பெரிய தவறு. கடுப்போடு அடித்தால் அந்த விறைப்பைத்தான் கை கற்றுக்கொள்கிறது.

என் பெரியப்பா பம்பை வாசிப்பவர். சிவராத்திரிக்கு மறுநாள் எங்கள் ஊர் மயானக் கொள்ளையில் காலையில் தோளில் மாட்டினால் இருட்டும்வரை இறக்கமாட்டார். வயது அறுபத்து நான்கு. அந்தத் திருவிழா முடிந்து இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தவர், திண்ணையில் உட்கார்ந்து நான் வாசிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் முழங்கையைத் தன் உள்ளங்கையால் தாங்கிப் பிடித்தார்.

"கண்ணு, நீ முழங்கையால் அடிக்கிறாய். கை இங்கேயே கிடக்கட்டும். மணிக்கட்டு மட்டும் ஆடட்டும். கையில் ஒட்டின தண்ணீரை உதறுகிற மாதிரி."

"வேகம் வரவில்லையே பெரியப்பா."

"வேகத்தை நீ கொண்டுவராதே. கையை விடு, அதுவாக வரும். குச்சியைப் பிடிக்கிறவனுக்குத்தான் வலிக்கும், குச்சியை விடுகிறவனுக்கு வலிக்காது."

அவர் கையைத் தாங்கிப் பிடித்திருக்கும்போதே வாசித்துப் பார்த்தேன். பிக் நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக்கொடுத்து, "விழட்டும், இன்னும் லேசாகப் பிடி" என்றார். அன்று மாலை ஏழு எட்டு முறை விழுந்திருக்கும். பிறகு எந்த அளவுக்குப் பிடித்தால் விழாமலும் இருக்கும், கை விறைக்காமலும் இருக்கும் என்ற இடம் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. பதின்மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நியூயார்க்கில் ஒருவர் கண்டுபிடித்ததும், அங்காளம்மன் கோயில் முன்னால் பெரியப்பா தினமும் செய்வதும் ஒரே காரியம். இரண்டு பேருக்கும் மணிக்கட்டுதான் முதலாளி.

அதற்குப் பிறகு பாட்டின் வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அறுபது சதவீதத்தில் தொடங்கினேன். கடுப்பு வந்த அந்த நொடியில் நிறுத்திவிடுவேன். கையை உதறிவிட்டு, அடுத்த நாள்தான் மறுபடி. இரண்டு நாளைக்கு ஒருமுறை இரண்டிரண்டு சதவீதம் கூட்டினேன். முழு வேகத்தில் முழுப் பாட்டையும் முடித்தது சித்திரை கடைசியில். தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் எட்டு வாரத்துக்குமேல்.

ஆல்பத்தின் மற்றப் பாடல்களை ஒவ்வொன்றாக விவரிக்கப் போவதில்லை. பழகும் வரிசையை மட்டும் சொல்கிறேன். உண்மையில் தொடங்கவேண்டியது 'ஐ வான்னா பி யுவர் பாய்ஃபிரண்ட்' என்ற பாட்டில். ஆல்பத்திலேயே நிதானமானது அது. அதன்பிறகு 'பிளிட்ஸ்க்ரீக் பாப்'. பிறகு ஒன்றரை நிமிடமே ஓடும் 'ஜூடி இஸ் எ பங்க்'. குட்டிப் பாட்டு என்று நினைத்து இறங்கினால் மூச்சு முட்டும். டீ டீ எழுதிய 'ஃபிஃப்டி தேர்ட் அண்ட் தேர்ட்' பாட்டில் நடுவில் அவர் குரலையும் கேட்கலாம். கை தேறியபின் தனிப் பாட்டுகளை விட்டுவிட்டு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் வாசியுங்கள். எந்தப் பாட்டும் மூன்று நிமிடத்தைத் தொடாததால் ஒவ்வொன்றும் முடிந்ததும் இரண்டு மூன்று நொடி கை ஓய்கிறது. ஓடி நடந்து ஓடுகிற பயிற்சி மாதிரி. வாரம் இரண்டு முறை இதைச் செய்வதுதான் கச்சேரிக்கு என்னைத் தயார் செய்தது.

ஒரு விஷயத்தில் எச்சரிக்கை. இந்த ஆல்பத்தின் வரிகள் எல்லாம் பிள்ளைகளுக்கு ஏற்றவை அல்ல. பசையை முகர்ந்து போதை கொள்வதைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, நாஜி அடையாளங்களோடு விளையாடும் வரிகள் இருக்கின்றன. அதிர்ச்சி தரவேண்டும் என்று அந்த வயதில் எழுதியவை. எனக்கு அவை உவப்பாக இல்லை. என் தம்பி, சித்தி மகன், பத்தாம் வகுப்பு படிக்கிறான், என்னோடு பயிற்சிக்கு வருகிறான். அவனுக்குக் கொடுத்த பட்டியலில் மூன்று பாடல்களை எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்பதையும் அவனிடம் உட்காரவைத்துச் சொன்னேன். பதினொரு பாட்டு மிச்சம் இருக்கிறது, பயிற்சிக்கு அது தாராளம்.

இனி இந்த ஆல்பம் கற்றுத்தராதது எது என்று பார்க்கவேண்டும். இடைவெளி. ராமோன்ஸ் பேஸ் நிற்பதே இல்லை. நான்கு மாதம் இதையே வாசித்தால், எங்கே அடிக்காமல் இருக்கவேண்டும் என்பது மறந்துபோகும். அதற்கு மருந்து அதே பங்க் இசைக்குள்ளேயே இருக்கிறது: தி கிளாஷ் குழுவின் 'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்'. 1979-இல் வந்த 'லண்டன் காலிங்' ஆல்பத்தில் இருப்பது. பேஸ் வாசித்த பால் சிமனன் தானே எழுதி, தானே பாடியது. தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டனில் ஜமைக்கா மக்களின் ரெகே இசையைக் கேட்டு வளர்ந்தவர் அவர். இந்தப் பாட்டில் பேஸ் நான்கு சொல் பேசிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. அந்த மௌனத்துக்குள் கிட்டார் சுருக்கென்று வந்து போகிறது. இதைப் பிக் இல்லாமல், உள்ளங்கை ஓரத்தைத் தந்தியின் மேல் லேசாக வைத்துக்கொண்டு பெருவிரலால் வாசித்தேன். ஒலி மத்தளத்தின் தொப்பிப் பக்கம்போல இறங்கி அமுங்குகிறது.

சிமனன் பற்றி ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். குழுவில் சேர்ந்தபோது அவருக்கு வாசிக்கத் தெரியாது. அடிப்படையில் ஓவியர். எந்தச் சுரம் எங்கே என்று தெரிவதற்காகப் பேஸின் கழுத்திலேயே வண்ணத்தால் எழுதிவைத்துக்கொண்டார். அதைப் படித்த அன்றே என் பேஸின் கழுத்துப் பக்கவாட்டில் ஐந்து, ஏழு, பன்னிரண்டாவது ஃபிரெட்டுகளுக்கு நேராகச் சின்ன ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டினேன். இருட்டான மேடையில் சிவப்புப் பொட்டு கண்ணுக்குத் தெரிகிறது. இன்னும் எடுக்கவில்லை, எடுக்கப்போவதும் இல்லை. 'லண்டன் காலிங்' ஆல்பத்தின் அட்டையில் பேஸைத் தரையில் ஓங்கி அடிக்கிறாரே, அவர்தான் இவர். நியூயார்க்கின் பலேடியம் அரங்கில் பென்னி ஸ்மித் எடுத்த படம். ஒரு கருவியின் விலையை அறிந்தவள் என்பதால் அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

இடைவெளிக்கு இரண்டாவது பாடம் 'வெயிட்டிங் ரூம்', வாஷிங்டன் நகரத்தின் ஃபுகாஸி குழு 1988-இல் வெளியிட்டது. ஜோ லாலி வாசிக்கும் பேஸ்தான் பாட்டையே தொடங்கி வைக்கிறது. எல்லோரும் சேர்ந்து சூடுபிடித்து, அரை நிமிடம் ஆவதற்குள் சட்டென்று எல்லாமே நின்றுவிடுகிறது. ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரே நேரத்தில் மறுபடி விழுகிறார்கள். இந்த மௌனத்தைச் சரியாக வாசிப்பது எந்தச் சுரத்தையும்விடக் கடினம். அடிப்பதை நிறுத்தினால் மட்டும் பேஸ் நிற்காது. தந்தி முனகிக்கொண்டே இருக்கும். இடது கையின் நான்கு விரலையும் தந்திமேல் படுக்கப்போட வேண்டும், அழுத்தவும் கூடாது. அதே நொடியில் வலது உள்ளங்கையும் இறங்கவேண்டும். ஒன்று முந்தினாலும் 'டிங்' என்று ஒரு கள்ளச் சுரம் கிளம்பிவிடும். நானும் தம்பியும் இந்த ஓர் இடத்தை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பழகினோம். அவன் டிரம்ஸ் பயிற்சித் தட்டில் அடிக்கிறான், நான் பேஸ். மௌனத்தில் தாளத்தை மனதுக்குள் எண்ணிக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கவேண்டும் என்பது நிபந்தனை. சாயங்காலம் காபி வைக்கும் நேரத்தில்தான் ஒன்றாக விழுந்தோம். "அக்கா, இன்னொரு தடவை" என்றான். காபி ஆறிப்போனது.

தி ஸ்லிட்ஸ் குழுவின் 1979 ஆல்பம் 'கட்' பற்றியும் சொல்லவேண்டும். பேஸ் டெஸ்ஸா பொலிட். பெண்கள் மட்டும் பேசிச் சிரித்துக்கொண்டு வாசிப்பதுபோல் இருக்கும் அந்த இசையில் பேஸ் துள்ளிக்கொண்டே போகிறது. தயாரித்தவர் ரெகே இசையில் ஊறிய டென்னிஸ் போவெல். 'டிபிகல் கேர்ள்ஸ்' பாட்டில் வேகம் மாறி மாறி வரும். அதைத் தொடர்ந்து போகப் பழகினால் எந்த டிரம்மர் எப்படி ஓடினாலும் பின்தொடரலாம். எங்கள் பகுதியில் பேஸ் பிடித்த பெண்ணைப் பார்த்ததும் "பாட்டு பாடுவீர்களா?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி வரும் நாட்களில் வீட்டுக்கு வந்து இந்த ஆல்பத்தைப் போட்டுக் கேட்பேன்.

தி ஸ்டிராங்ளர்ஸின் 'பீச்சஸ்' பாட்டில் ழான்-ழாக் பர்னல் வாசிக்கும் வரி, 1977-இல் வந்த பேஸ் வரிகளிலேயே மறக்கமுடியாத ஒன்று. கரகரப்பான அந்த ஒலிக்காகவே பழகலாம். கடற்கரையில் பெண்களை அளந்து பார்க்கும் அதன் வரிகளை நான் பாடவும் மாட்டேன், பாடவிடவும் மாட்டேன். பேஸ் மட்டும் எடுத்துக்கொண்டேன். டெட் கென்னடிஸின் 'ஹாலிடே இன் கம்போடியா' தொடக்கத்தில் கிளாஸ் ஃப்ளோரைடின் பேஸ் தனியாக வரும் இடம் நல்ல பயிற்சி. கிரீன் டே குழுவின் 'லாங்வியூ' எல்லோரும் பரிந்துரைப்பது. மைக் டிர்ன்டின் பேஸ் வரி உருண்டோடும், அழகானது. ஆனால் அந்தப் பதிவு முழுவதும் அரைச் சுரம் இறக்கிய சுருதியில் இருக்கிறது. கூடவே வாசிக்கவேண்டுமானால் நான்கு தந்தியையும் இறக்கவேண்டும். இது தெரியாமல் நான் ஒரு மாலை முழுவதும் என் காதைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

ரான்சிட் குழுவின் 'மேக்ஸ்வெல் மர்டர்' பாட்டை மட்டும் முதல் வருடத்தில் தொடாதீர்கள். 1995-இல் வந்தது. ஒன்றரை நிமிடம்கூட இல்லை. நடுவில் மேட் ஃப்ரீமன் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் காட்டாறு. கேட்டு மகிழுங்கள். கை தேறாமல் அதில் இறங்கினால் தப்பும் தவறுமாகப் பழகி, அந்தத் தவறுகளை மறக்கவைப்பதற்கு இன்னொரு வருடம் ஆகும்.

கருவி பற்றிச் சில சொற்கள். இந்த இசைக்கு விலையுயர்ந்த பேஸ் தேவையில்லை. தந்தி உயரம் சரியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். பங்குனி சித்திரையில் எங்கள் ஊர் வெயிலில் மரக் கழுத்து வளைந்துகொடுக்கிறது. என்னுடையதில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தந்தி எம்பி நின்றது. கழுத்துக்குள் ஓடும் கம்பியைத் திருகித்தான் சரிசெய்ய வேண்டும், தெரியாமல் திருகக் கூடாது. நான் முதலில் கொடுத்த இடத்தில் இறுக்கித் திருப்பியதில் எல்லா ஃபிரெட்டிலும் தந்தி உரசியது. பிறகு பெங்களூருவில் ஒருவர் கால் திருப்பு திருப்பி, ஒருநாள் அப்படியே வைத்திருந்து, மறுநாள் பார்த்து இன்னொரு கால் திருப்பு திருப்பிச் சரிசெய்தார். அந்தப் பொறுமை உள்ளவரிடம்தான் கொடுக்கவேண்டும். பிக் ஒரு மில்லிமீட்டர் தடிமன். மெல்லியது பேஸ் தந்தியில் மடங்கிவிடும். தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் விரலளவு துண்டு செருகினால் சுரம் நீளாமல் கத்தரித்ததுபோல் நிற்கும், பழகும்போது ஒவ்வோர் அடியும் தெளிவாகக் கேட்கும். சீசன் நாட்களில் ஆய்வகத்தில் கை கழுவிக் கழுவி என் விரல் தோல் மெலிந்துபோகிறது. அப்போது பிக் ஒரு வரம்.

திருவிழாக் கச்சேரியில் அன்று வழக்கமாக வரும் பேஸ்காரருக்குக் காய்ச்சல். தம்பிதான் குழுக்காரர்களிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறான். இருபத்து மூன்று பாட்டு, எல்லாம் தமிழ்ப் பாட்டு. ஒன்றுகூடப் பங்க் இல்லை. ஆனால் குத்துப்பாட்டுகள் தொடர்ச்சியாக ஆறு வந்தபோது, கூட்டம் இன்னும் வேகமாகக் கேட்டபோது, கீபோர்டு வாசித்தவர் திரும்பி என் கையைப் பார்த்தார். கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பெரியப்பா கூட்டத்தில் முன்வரிசையில் நின்று மணிக்கட்டை உதறிக் காட்டினார்.

இந்த ஆல்பத்தின் கடைசிப் பாடம் ஒன்று மிச்சம் இருக்கிறது. இடது பக்கம் கேட்டுப் பழகி முடித்தபின், செல்பேசியில் அந்தக் கோட்டை முழுக்க வலது பக்கம் தள்ளுங்கள். இப்போது ஜானி ராமோனின் கிட்டார் இருக்கிறது, டாமியின் டிரம்ஸ் இருக்கிறது, ஜோயியின் குரல் இருக்கிறது. டீ டீ மட்டும் இல்லை. அவருடைய இடம் காலியாக இருக்கிறது. அங்கே நீங்கள் வாசிக்கவேண்டும். நான் தைரியம் வந்து இதைச் செய்தது ஆனி மாதத்தில்தான். இரவு பத்து மணி, மழை வரப்போகும் காற்று, வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். ஆல்பத்தை முதலிலிருந்து ஓடவிட்டேன். முதல் பாட்டில் இரண்டு இடம் தவறியது. நான்காவது பாட்டிலிருந்து தவறவில்லை. பதினான்காவது முடிந்தபோது தந்தியை உள்ளங்கையால் அமுக்கிவிட்டு அப்படியே நின்றேன். நேற்று முதல் தம்பியும் அந்தக் கோட்டை வலது பக்கம் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இப்போது இதை எழுதும்போது பக்கத்து அறையில் ஏ, டி, ஈ கேட்கிறது. மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் முந்துகிறான்.